பார்டர் அண்ணனின் விக்கல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதினால் சிரிப்பார்களே என்று ஒரு பயம். சிரிக்காமல் நம்பிவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம். போன ஆடி வெள்ளியன்று எல்லையம்மன் சந்நிதியில் நின்று, "ஆத்தா, சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவள் தலையிலிருந்த சாமந்திப் பூ வலது பக்கம் விழுந்தது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது.

ராஜாக்கள் கத்தியால் நாடு பிரித்தார்கள். வெள்ளைக்காரர்கள் பேனாவால் பிரித்தார்கள். விக்கலால் பிரித்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருந்த பார்டர் அண்ணன். அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரர்கூட "பார்டரு, அரிசி வந்துடுச்சு" என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் பக்கத்துப் பூகோளம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாகூர் கொம்யூன், வில்லியனூர் கொம்யூன் என்கிற பஞ்சாயத்துகள் எல்லாம் புதுச்சேரி என்றுதான் பேர். ஆனால் ஒரே துண்டாக இருக்காது. சேலைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி நடுநடுவே தமிழ்நாடு வரும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் எந்த ஊர் யார் கையில் இருந்ததோ, அந்தக் கோடு அப்படியே நின்றுவிட்டது. இந்த வரப்பில் கரும்பு பாண்டி, அடுத்த வரப்பில் நெல் தமிழ்நாடு. மாடு ஒரு மாநிலத்தில் மேய்ந்துவிட்டு இன்னொரு மாநிலத்தில் வந்து சாணி போடும். வில்லியனூருக்குப் பஸ் ஏறினால், டிக்கெட் எடுத்துச் சில்லறை வாங்குவதற்குள் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருப்போம்.

அந்தக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் பார்டர் அண்ணனுக்கு ஒரு விக்கல் வரும். ஒன்றே ஒன்றுதான். ஆனால் கோழியின் கழுத்தைப் பிடித்த மாதிரி சத்தம் வரும், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

"இன்னாண்ணே, தமிழ்நாடு வந்துடுச்சா?" என்பார் கண்டக்டர்.

"வந்துடுச்சுபா. பைக்குல வர்றவன்லாம் ஹெல்மெட்டு போடச் சொல்லு!"

அடுத்த விக்கல் வந்ததும் அவரே, "பாண்டிடா! ஹெல்மெட்டக் கயட்டிக்கலாம்!" என்று கத்துவார். தெருப் பையன்கள் ஒரு தரம் அவர் கண்ணைத் துண்டால் கட்டி, பைக்கில் உட்கார வைத்து, கரும்புக் கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அவர் விக்கிய இடத்தில் எல்லாம் இறங்கிப் புல்லை விலக்கினால் எல்லைக் கல் இருந்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் சோதிக்கவில்லை. ஆனால் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பிராந்திக் கடை. குடித்துவிட்டு அந்தப் பக்கம் போய் விழுந்து கிடப்பவர்களை அவர்தான் எழுப்புவார். "டேய், தமிழ்நாட்டுல உழுந்து கெடக்குற. போலீஸு வந்தா புடிச்சிகினு பூடுவான். எந்திரி, ஒரு முழம் தள்ளி வந்து நம்ம மண்ணுல உழு." விழுந்தவனும் நன்றியோடு உருண்டு வருவான்.

கொரோனாவில் எல்லையை மூடினார்கள் அல்லவா? போலீஸ்காரர்கள் வைத்த தடுப்பு, கோட்டிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றுவிட்டது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தினமும் காலையில் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய் அதைத் தள்ளி, கோட்டுமேல் நேராக வைத்துவிட்டு வருவார்.

"யோவ், சர்க்கார் சாமானுல கை வெக்கிற?" என்று அதட்டினார் காவலுக்கு நின்றவர்.

"சர்க்கார் சாமானு அடுத்த சர்க்கார் மண்ணுல நிக்குது சார். நாளைக்கி அவுங்க கேட்டா நீங்கதான பதில் சொல்லணும்?"

கடைசியில் அந்தப் போலீஸ்காரரே ஒரு கை பிடித்து உதவ ஆரம்பித்தார்.

இதுவரை சிரிக்கலாம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் மோர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரும் அவரும் மாப்ளே மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு அவர் அண்ணன் முறை. சமையற்கட்டில் கேஸ் அடுப்பு ஒரு பக்கம் இருக்கிறது. கொல்லை வாசலை ஒட்டி அம்மிக்கல் கிடக்கிறது. மோரை வாங்கிக்கொண்டு, கைகழுவக் கொல்லைப் பக்கம் போனவர் அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் விக்கினார். நின்றார். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். மறுபடி விக்கினார்.

"மோரு புளிச்சிடுச்சு மச்சான், அதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் சிரிக்கவில்லை. அந்த வேர்வையிலும் அவர் கையில் மயிர் எழுந்து நின்றதைப் பார்த்தேன்.

"தங்கச்சி, இங்க ஒரு கோடு போவுது."

"எங்க வூட்டுக்குள்ளயா? அடுப்பு பாண்டி, அம்மி தமிழ்நாடா?"

"இது சர்க்கார் கோடு இல்லமா. இதுல விக்குனா நெஞ்சு சில்லுனு ஆவுது."

பக்கத்து மனை அளக்க வந்த சர்வேயரைக் கேட்டேன். "முழு வீடும் பாண்டிதாம்மா. தமிழ்நாடு அந்தக் கரும்புக் கொல்லைக்கு அப்பால," என்று வரைபடத்தையே விரித்துக் காட்டிவிட்டார். அண்ணனின் விக்கல் முதல் தடவையாகப் பொய்த்துவிட்டது என்று தெருவே கொண்டாடியது. என் வீட்டுக்காரர் அம்மியைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே விக்கிக் காட்டுவார்.

எனக்கு மட்டும் உறுத்தியது. எங்கள் பூனை அந்த இடத்தை நடந்து கடப்பதில்லை, தாண்டிக் குதிக்கும். அதைப் பல நாளாகப் பார்த்திருக்கிறேன். விளையாட்டென்று நினைத்திருந்தேன்.

ஆடி பிறந்தது. எல்லையம்மனுக்குக் காப்பு கட்டுகிற நாள். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்கிறேன். அன்று காலையில் ஒருவர் குங்குமம் கலந்த சோற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி இறைத்து வருவார். அதுதான் எல்லை கட்டுவது. கூடை கையில் இருக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடிகிறவரை பொழுது சாய்ந்தால் அந்த எல்லைக்குள் இருந்தாக வேண்டும். வெளியே தங்கினால் ஆத்தாளின் காவல் இல்லை. கூடை எடுப்பவர் பார்டர் அண்ணன்தான். அந்த வருஷம் தீமிதிக்கக் காப்பு கட்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

காப்பு கட்டிவிட்டு வந்தவர் கொல்லை வாசலில் விறகை நகர்த்தினார். கண்ணாடி விரியன் காலில் போட்டுவிட்டது. அம்மிக்கு அந்தப் பக்கம், அண்ணன் சொன்ன கோட்டுக்கு வெளியே. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீடு புது மனையில் கட்டியது. ஆத்தாளின் பழைய எல்லை எங்கள் சமையற்கட்டோடு முடிகிறது.

பாண்டி போகிற வழியிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து ஏற்றினார்கள். கண் திறக்கவில்லை. அன்று மத்தியானம் மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தவளைக் கோயில் வாசலில் தர்மகர்த்தா நிறுத்தினார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது.

"காப்புக் கட்டுன ஆளு வெளிய தங்கக் கூடாதேம்மா. பொழுது சாயறதுக்குள்ள ஒரு தடவ உள்ள கொண்டாந்து காட்டிட்டு, மறுபடியும் எடுத்துக்கினு போயிடலாமா?"

"அசைச்சா உசுரு நிக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க."

"அப்ப காப்ப அறுத்துடு."

ஆத்தா கட்டிய காப்பை நானே அறுப்பதா? கொண்டு வந்தால் வழியிலேயே போய்விடுவார். வராவிட்டால் காவல் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து பார்டர் அண்ணன் குரல் கேட்டது.

"எந்திரி தங்கச்சி. ஆள எடுத்தார முடியலன்னா எல்லைய எடுத்துகினு போவோம். பூசாரி, சோத்தக் கலந்து குடுங்க."

இப்படி ஒரு வழக்கம் எங்கேயும் இல்லை. பூசாரி கற்பூரத்தை ஏற்றி உத்தரவு கேட்டார். பல்லி சொல்லியது. கூடையைத் தூக்கியதும் அண்ணன் வாய் மூடிக்கொண்டது. இனி அவருக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுகச் சோற்றை இறைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா இது, ரோட்டுல வர்றவன் சட்டையெல்லாம் செவப்பாவுது?" என்றார் கண்டக்டர்.

"எல்லைய நீட்டுறாருங்க."

"எங்க வரைக்கும்?"

"பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பிங் வரைக்கும்."

அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்டக்டர் எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். ஒவ்வொரு மாநில எல்லையிலும் விக்கல் வந்தது. பேசத்தான் தடை, விக்கத் தடையில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். "ஒருத்தருக்குத்தான் பாஸு. இவரு யாரு?"

"பார்டருங்க."

"பேஷண்டுக்கு இன்னா வேணும்?"

என்ன சொல்வது? "மச்சானுங்க," என்று அழுதுவிட்டேன். விட்டுவிட்டார்.

வார்டில் கட்டிலைச் சுற்றிச் சோற்றை ஒவ்வொரு பருக்கையாக வைத்தார். நர்ஸ் ஓடி வந்து, "ஐயோ, எறும்பு வரும்!" என்று சத்தம் போட்டார். ஆத்தாளின் எல்லை கட்டுகிறார், இதற்குள் இருந்தால் காவல் உண்டு என்று சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் வில்லியனூர்க் கடைத்தெருவில் கயிறு, தார்ப்பாய் விற்கும் ஒரு பாய் படுத்திருந்தார்.

"வுடுங்க சிஸ்டர். எறும்பு வந்தா நான் பாத்துக்கறேன்," என்றவர், அண்ணனைப் பார்த்து, "ஏம்பா, ஒரு கட்டிலுக்குத்தானா? கொஞ்சம் தள்ளிப் போட்டீன்னா நானும் உள்ள வந்துப்பேன்ல?" என்றார்.

அண்ணன் பாய் கட்டிலையும் சேர்த்துச் சுற்றி வந்தார். கடைசிப் பருக்கை விழவும் ஜன்னலில் வெயில் மறையவும் சரியாக இருந்தது. அண்ணன் விக்கினார். என் வீட்டுக்காரர் கண் திறந்தார்.

"யாரு கட்டிலச் சுத்தி வர்றது? கொலுசுச் சத்தம் கேக்குது."

"மச்சான் வந்திருக்காரு."

"மச்சான் எதுக்கு கொலுசு போட்டுக்கினு வரான்?"

நான் சிரித்தேனா அழுதேனா, தெரியாது. பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். மெதுவாகச் சொன்னார். "எனக்கும் கேக்குதும்மா."

மறுநாள் காலையில் கட்டிலைச் சுற்றி ஒரு பருக்கைகூட இல்லை. எறும்பும் இல்லை.

தீமிதிக்கு முதல் நாள் இருவரும் ஒன்றாக வீடு திரும்பினார்கள். இவர் எங்கள் ஊருக்கு, பாய் வில்லியனூருக்கு. பார்டர் அண்ணன் மட்டும் எதிர்ப்பக்கம், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்.

"எங்கண்ணே போற?"

"நீட்டுன எல்லைய அப்படியே வுட்டுட்டு வர முடியுமா? சுருட்டிக்கினு வரணும்."

அங்கிருந்து ஊர்வரைக்கும் நடந்தே வந்தார். வழியில் டீக்கடை வைத்திருப்பவர் அதற்குள் எனக்குப் போன் பண்ணிக் கேட்டார். "உங்க பார்டருக்கு முன்னாடி போச்சே, அந்தம்மா யாரு? தலைய விரிச்சுப் போட்டுக்கினு. ரோடு காஞ்சு கெடக்குது, அந்தம்மா கால் வெச்ச எடம் மட்டும் ஈரம்." என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

உச்சி வேளையில் வந்து சேர்ந்தார். அடுப்பைத் தாண்டினார், அம்மியைத் தாண்டினார். திரும்பி வந்தார். விக்கல் வரவில்லை.

"போயிடுச்சு தங்கச்சி," என்றார், வளர்த்த மாட்டைச் சந்தையில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி. "வழியிலயும் வரல. எல்லாம் ஒரே மண்ணா இருந்துச்சு."

"யாரோ முன்னாடி போனாங்களாமே அண்ணே?"

"மோரு இருக்குதா?" என்றார்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் எல்லாரையும் போல ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார். "இன்னாண்ணே, எந்த ஊரு?" என்று கண்டக்டர் கேட்டால், "நீ சொல்லுபா," என்பார். அந்த மார்கழியில் ஒரு காலைக் காய்ச்சலில் போய்விட்டார். எடுத்துக்கொண்டு போகும்போது எல்லைக் கல்லருகே பாடையை ஒரு கணம் நிறுத்தினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் காரியம் முடிந்த மறுநாள், என் வீட்டுக்காரர் கைகழுவக் கொல்லைப் பக்கம் போனார். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் விக்கினார், கோழியின் கழுத்தைப் பிடித்த மாதிரி. இது வேண்டுமென்றே விக்கியது இல்லை, கையில் மயிர் நின்றது. அன்றிலிருந்து அந்த இடத்தில் மட்டும் அவருக்குத் தவறாமல் வருகிறது. டாக்டரிடம் போகவில்லை. நானும் பூனையும் பழகிவிட்டோம்.

படித்தவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் சொன்னபடியே சொல்லுங்கள், சுவைக்காகக்கூட ஒரு வார்த்தை தள்ளி வைக்காதீர்கள். ஓர் அடி தள்ளி நின்ற தடுப்பையே தினமும் போய் நகர்த்தி வைத்தவர் அவர். தள்ளிப்போனதைக் கண்டுபிடிக்க அவரிடம் இப்போது அந்த விக்கலும் இல்லை.

இதோ, உள்ளே விக்கல் சத்தம் கேட்கிறது. "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அம்மிமேல் ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டு வருகிறேன்.