மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு அடித்த சிக்ஸர்கள்

மட்டை பிடிக்கிறவன் எவனும் முழு யோக்கியன் இல்லை. பந்து பட்டால் தன் திறமை என்பான். படாவிட்டால் யாரோ ஒருவருடைய ராசி என்பான். அந்த யாரோ ஒருவராக நான் என் மனைவியைத் தேர்ந்தெடுத்தேன், கல்யாணமாகி ஆறு வாரம்கூட ஆகாதபோது. எழுபதை நெருங்கிவிட்டேன். இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை.

அப்போது நான் செஞ்சியில் இயற்பியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் கூலிக்கு அடிப்பவன். எந்த ஊர் அணி கூப்பிட்டுக் கையில் ஏதாவது கொடுத்துப் பிரியாணியும் போடுகிறதோ, அன்றைக்கு நான் அந்த ஊர்க்காரன். (வல்லம் தோற்றதற்காக ஒருமுறை அழுதே இருக்கிறேன். என் ஊர் வல்லம் இல்லை.)

நன்றாக ஆடும் நாட்களை எப்படிச் சொல்வது? காய்ந்த ஏரிக்குள்தான் ஆட்டம். தூரத்தில் ராஜகிரிக் கோட்டை மலை நீலமாக நிற்கும். கூட்டத்தின் இரைச்சல் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் மங்கிவிடும். வீசுகிறவன் கையை விட்டுப் புறப்பட்ட பந்துக்கு அவசரமே இருக்காது. பப்பாளி அளவுக்குப் பெருத்து, தூக்கக் கலக்கத்தில் நடப்பவரைப் போல அசைந்து வரும். நான் மட்டையை நீட்டுவேன், அவ்வளவுதான். அது மலைப்பக்கமாக ஏறிப்போவதை, வேறு யாரோ அடித்ததுபோல நானும் நின்று வேடிக்கை பார்ப்பேன்.

அந்த நாட்களில் ஒரு மெரூன் சட்டை போட்டிருந்தேன். ஏழு ஞாயிறுகள் அதைத் துவைக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் விசையும் முடுக்கமும் நடத்துகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஓர் அழுக்குச் சட்டையை நம்பினேன்.

தொண்டூரிலிருந்து கல்யாணமாகி வந்த சுமதி, இரண்டாம் நாளே அதைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்துவிட்டாள், நல்ல பெயர் வாங்கலாம் என்று. அடுத்த நான்கு ஞாயிறுகள் என் கணக்கு: பூஜ்யம், மூன்று, பூஜ்யம், ஒன்று. பந்து வருவதே தெரியவில்லை. ஸ்டம்ப் விழும் சத்தம்தான் முதலில் கேட்டது. வல்லம் அணியின் கேப்டன் ஏழுமலை, "இன்னா வாத்தியாரே, கல்யாணத்துக்கு முந்தி நல்லாத்தான இருந்த?" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் வீடுவரை எடுத்துப்போனேன்.

ஃபைனலுக்கு முந்தின நாள் சுமதியிடம் நேராகவே சொன்னேன். "நீ வந்ததுலேர்ந்து ரன்னே வரல. மேட்ச் முடியிற வரைக்கும் தொண்டூர்ல இரு."

அவள் அழவில்லை. இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். பஸ் ஏறும்போதுதான் கேட்டாள்:

"நாளைக்கு நீங்க அடிச்சிட்டா, நான் எப்பங்க வர்றது?"

அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்தக் கேள்வி மறுநாள், நான் மட்டையோடு போய் நின்ற பிறகுதான் புத்தியில் ஏறியது. அடித்தால் அவள் ராசி கெட்டவள் என்று ஊரறிய நிரூபித்தவன் ஆவேன். பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவது? (இது விளங்க எனக்கு இரண்டு பட்டம் போதவில்லை.) அதற்குள் மைக்கில் வர்ணனை சொல்பவர் ஆரம்பித்துவிட்டார். "தடை நீங்கி வந்துட்டாரு நம்ம வாத்தியாரு! அண்ணி ஊருக்குப் போயிட்டாங்க!" விஷயத்தைக் கேப்டனிடம் உளறியவன் நான்தான். ஏரியே சிரித்தது. சிரிக்காத ஒருவர், தோளில் வெள்ளைத் துண்டோடு கரையோரம் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை ஆடுவதைப் பார்க்க வந்திருந்த என் மாமனார்.

உடனே அவுட்டாகிவிடுவது என்று முடிவு செய்தேன். அடிக்க வேண்டும் என்ற எண்ணம் மனதை விட்டுப் போன அந்த நொடியில் இரைச்சல் அடங்கியது. மலை நீலமாயிற்று. பந்து பப்பாளியாகி மிதந்து வந்தது.

கை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஐந்து சிக்ஸர். ஒவ்வொன்றுக்கும் மைக், "அண்ணி, அங்கேயே இருங்க!" என்றது. மூன்றாவது, மாமனார் காலடியில் விழுந்தது. அவர் பந்தை எடுத்து, துண்டால் துடைத்து, ஃபீல்டரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சாயங்காலம் கழுத்து மாலையை வழியில் ஒரு வேலியில் மாட்டிவிட்டுத் தொண்டூர் போனேன். சுமதி வாசலில் நின்றாள்.

"எத்தினி அடிச்சீங்க?"

"டக்கு," என்றேன்.

உள்ளிருந்து மாமனார் குரல் வந்தது. "மூணாவது சிக்ஸரு என் காலாண்டதான் வுழுந்துது மாப்ள."

"அப்ப நான் இங்கயே இருக்கேன்," என்று சுமதி உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு மாமனாரைக் கெஞ்சிக் கூட்டிவந்து கரையில் உட்கார வைத்தேன். முதல் பந்தே மிதந்து வந்தது. அதன் ரோமம் தேய்ந்த இடம்கூடத் தெரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு அழகான பந்தை நான் பார்த்ததில்லை. மட்டையைப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு, அதற்கு வழிவிட்டேன். ஸ்டம்ப் விழுந்தது. எனக்கு அன்று பிரியாணி இல்லை. அதன்பின் யாரும் கூலிக்குக் கூப்பிடவும் இல்லை. திங்கட்கிழமை சுமதி பையோடு வந்து இறங்கினாள். "நைனா சொன்னாரு," என்றாள்.

மாமனார் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இன்றும் மகன் வாக்கிங் போனேன் என்றாலும், பேத்தி ஹோம்வொர்க் முடிந்தது என்றாலும், சுமதி தலை நிமிராமல் கேட்பாள்: "எங்க நைனா பாத்தாரா?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

போன வாரம் அவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு உன்ன பஸ் ஏத்துனது தப்பு சுமதி," என்றேன். இத்தனை வருடத்தில் முதல்முறை.

அவள் கை நின்றது.

"இதக் கேக்க எங்க நைனா இல்லியே," என்றாள்.