மூடி சாரும் மூன்று மாரீஸ்வரிகளும்

பிள்ளைகளே, விருதுநகர் ஜில்லாவில் பட்டாசு குடோனைவிடக் கட்டுக்காவலான இடம் ஒன்று உண்டு என்றால், அது எங்கள் பக்கத்துக் கல்லூரி ஆபீசில் மூடி சாரின் மேசைதான். குடோனிலாவது லைசென்ஸ் இருந்தால் உள்ளே விடுவார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "அது என் ஃபைல்ல இருக்கு" என்பார். மாணவர்களின் மார்க், வருகை, சான்றிதழ் எல்லாம் அவர் பொறுப்பு. யாராவது மேசைப் பக்கம் வந்தால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, திறந்திருக்கும் ரிஜிஸ்டரை மூடிவிடுவார். டீ கொண்டு வருகிறவர் வந்தாலும் மூடுவார். ஒருமுறை ஜன்னலில் காக்கா உட்கார்ந்ததற்கும் மூடினார் என்று பேச்சு.

ஒவ்வொரு ஃபைலுக்கும் சிவகாசி அச்சகத்தில் கழித்துப் போட்ட காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பார். வெளியே லட்சுமியும் முருகனும் சிரிப்பார்கள். உள்ளே இருப்பது யாருடைய ஃபைல் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கம் பெண் பார்க்குமுன் கல்லூரி ஆபீசில் ஒரு வார்த்தை விசாரிப்பார்கள். அப்படித்தான் காரியாபட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன், கையில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸோடு வந்தார்.

"புள்ளைக்கு எத்தனை அரியர்னு மட்டும் சொல்லுங்க சார்."

"மாப்பிள்ளைக்கு எத்தனை அரியர்?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கேன். பட்டாசையும் எடுத்துட்டுப் போங்க. பாத்து, பஸ்ல ஏத்த மாட்டாங்க."

இதைக் கேட்டு ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது.

அந்தக் கல்லூரியில்தான் என் மகள் மாரீஸ்வரி இரண்டாம் வருஷம் படித்தாள். ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். "இருபது நாள் நான் ஆப்சென்ட்டாம்ப்பா. பரீட்சை எழுத விடமாட்டாகளாம். ஒருநாள்கூட நான் லீவு போடலப்பா!"

ஒரு வருஷப் படிப்பு போகிற விஷயம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை நம்பவில்லை. "காலேஜுக்குன்னு கிளம்புன புள்ள எங்கன போச்சு?" என்று, நான் வேலை பார்க்கும் நாரணாபுரம் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு துப்பறியப் போனேன்.

"சார், என் மக எந்தெந்த நாள் வரலைன்னு காட்டுங்க."

துண்டு விழுந்தது.

"உங்களுக்குக் காட்ட முடியாதுய்யா."

"நான் அவளப் பெத்த அப்பன்!"

"அதுவும் ஃபைல்ல இருக்கு. ஆனா படிக்கிறது அந்தப் புள்ள, நீங்க இல்ல. அது கேட்டா காட்டுவேன்."

என் பின்னால் நின்ற மகளுக்கு நாற்காலி போட்டார். எனக்குப் போடவில்லை. "வாம்மா, இது உன் பக்கம். நிதானமாப் பாரு. தப்பு இருந்தா திருத்தச் சொல்லவும் உனக்கு உரிமை இருக்கு" என்றவர், என்னிடம், "நீங்க அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க" என்றார்.

நாற்பத்தெட்டு வயதில் சுவரைப் பார்த்து நின்றேன்.

முதுகுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. "சார், இந்த நாளெல்லாம் நான் லேப்ல இருந்திருக்கேன். இந்தாங்க, என் லேப் நோட்டுல தேதி போட்டு மேடம் கையெழுத்து இருக்கு."

எங்கள் ஜில்லாவில் மாரியம்மன் புண்ணியத்தில் தெருவுக்கு நாலு மாரீஸ்வரி. அவள் வகுப்பில் மட்டும் மூன்று பேர். இன்னொரு மாரீஸ்வரி வராத நாட்களை யாரோ இவள் பக்கத்தில் ஏற்றியிருக்கிறார்கள்! மூடி சார் தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மகளையே மனு எழுத வைத்தார். அப்போதே முதல்வர் அறைக்குப் போய்க் கையெழுத்தும் வாங்கி வந்தார்.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் புத்தி போய்விட்டது. "அப்ப அந்த வராத மாரீஸ்வரி யாரு சார்? யார் வீட்டுப் புள்ள?"

துண்டு மறுபடி விழுந்தது.

"திரும்பி நில்லுங்க! அந்தப் புள்ளைக்கும் ஒரு அப்பன் இருப்பாருல்ல?"

மகள் பரீட்சை எழுதினாள். அவள் மார்க்கை நான் யாரிடமும் போய்க் கேட்பதில்லை. அவளே வந்து சொல்கிறாள், குறைந்ததையும் சேர்த்து.

ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் நிறைய. ஆனால் என் மகளை நம்பி விட்டுவர, என்னைக்கூட நம்பாத அந்த ஒரு மனிதர்தான் எனக்கு இருக்கிறார்.