உளுத்துப்போன கட்டை ஒன்று வேண்டி

மரியாதைக்குரிய மச்சான் ஒலேகாரியோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜுரேமாவின் கணவன் வால்டோமிரோ பணிவுடன் எழுதுவது. இங்கே நான், ஜுரேமா, எங்களோடு இருக்கும் உங்கள் அம்மா மூவரும் சவுக்கியம். உங்கள் சவுக்கியத்துக்கும் உங்கள் மாடுகளின் சவுக்கியத்துக்கும் புனித அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறோம். காகிதத்தில் மஞ்சளாக விரல் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அந்த மஞ்சளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் வேலியோரம் உளுத்துக் கிடந்த கட்டைகளைப் பார்த்து, "இதென்ன மச்சான், வீடா விறகுக்கடையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ஊர் திரும்பிய கையோடு என் வீட்டைத் திருத்தக் கிளம்பினேன். எங்கள் வராந்தா உத்தரங்களில் ஓட்டை போட்டுக் குடியிருந்த கருவண்டுகள், மதியத் தூக்கத்தில் என் காதருகே வந்து ரீங்காரம் போடும். உத்தரங்களைப் பிடுங்கி எரித்துவிட்டு இரும்புக் குழாய் மாட்டினேன். தோட்டத்தில் பட்டுப்போய் நின்ற மரங்களையும் விடவில்லை. ஒரு வாரம் ராஜா மாதிரி தூங்கினேன். எட்டாம் நாள் ஜுரேமா உலுக்கி எழுப்பினாள். பேஷன் ஃப்ரூட் கொடி கொள்ளாமல் பூ பூத்திருக்கிறது, பிஞ்சு ஒன்றுகூட இல்லை, எல்லாம் காம்போடு உதிர்ந்து கிடக்கிறது என்றாள். வருஷம் பூராவும் நாங்கள் சாப்பிடுவது அந்தக் கொடிகளை நம்பித்தானே.

மதியம் திறக்கும் பூ சாயங்காலம் மூடிக்கொள்கிறது. அதற்குள் ஒரு கொடியின் மஞ்சள் பூந்தூளை இன்னொரு கொடியின் பூவில் தடவியாக வேண்டும். தேனீக்கு எட்டாது, கருவண்டின் முதுகுக்குத்தான் எட்டும். வண்டை விரட்டியாயிற்று, ஆகவே நாங்கள் மூவரும் வண்டானோம். தினமும் தூங்குகிற நேரத்தில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், அண்ணாந்தபடி விரலால் பூப்பூவாகத் தடவுகிறோம். உங்கள் அம்மா அலைய முடியாமல் ஒரே கொடிக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் தூளை அதற்கே தடவிவிட்டார். மறுநாள் அத்தனையும் உதிர்ந்தது. நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், உங்கள் அம்மா பிடித்துக்கொண்டார்.

"வண்டு உங்ககிட்ட சோறு கேட்டுச்சா, துணி கேட்டுச்சா? அது பாட்டுக்குப் பாடிக்கிட்டே வேலை செஞ்சுது. அதைத் தொரத்திட்டு, எம்பது வயசுல என்னை வண்டாக்கிட்டீங்களே மாப்பிள்ளை!"

"விடும்மா," என்றாள் ஜுரேமா. "வண்டாகுறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும். இவருக்கு அந்தக் கவலை இல்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். மூன்று பேர் ஓடி ஓடித் தடவியும் பாதிப் பூவைக்கூடத் தொட முடியவில்லை. இப்படியே போனால் இந்த வருஷம் அறுவடையே கிடையாது. கிறிஸ்துமஸில் பேசியதை வாபஸ் வாங்கிக்கொண்டு உங்கள் காலில் விழுகிறேன். உங்கள் கட்டைகளில் நன்றாக உளுத்ததாக, வண்டுக் குடும்பம் நிறைந்ததாக ஒன்றைப் பார்த்து, ஓட்டையைத் துணியால் அடைத்து, சனிக்கிழமைச் சந்தை லாரியில் ஏற்றி விடுங்கள். டிரைவரிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள், உள்ளே குழந்தைகுட்டி இருக்கும்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் கட்டைகளுக்கு மேன்மேலும் உளுப்பும் புனித அந்தோணியார் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தாழ்மையுள்ள
வால்டோமிரோ

பி.கு.: கட்டை வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தேன். என் கட்டிலுக்கடியில் மரத்தூள் குவிந்திருக்கிறது. தலைமாட்டுச் சட்டத்தில் விரல் நுழையும் ஓட்டை, உள்ளே ரீங்காரம். அந்தச் சத்தம் கேட்க என்ன சந்தோஷம் மச்சான்! ஜுரேமா விளக்குமாற்றோடு வந்தாள். "தொடாதே!" என்று நான் கத்தினேன். பிறகு மூவருமாகக் கட்டிலைத் தூக்கிப் போய்க் கொடிகளுக்கு நடுவில் போட்டுவிட்டோம். ஆகவே கட்டைக்குப் பதிலாக, நான் படுக்க ஒரு வலை ஊஞ்சல் இருந்தால் அனுப்புங்கள்.