இரண்டு பேருக்கு நாற்பது அடி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பிறந்தபோது அப்பா ஆசை ஆசையாகக் கோகிலவாணி என்று பெயர் வைத்தார். தண்ணீர்க் குட்டையில் வரிசையை ஒழுங்குபடுத்துவது அவள் வேலை. மற்ற காடுகளில் இதற்குக் கயிறு கட்டினார்கள், டோக்கன் கொடுத்தார்கள், கேமரா வைத்துப் பார்த்தார்கள். இந்தக் காட்டில் கோகிலவாணி வரிசைக்கு நடுவில் போய் நின்றாலே போதும். முன்னால் நிற்பவர் இடத்தை விட்டு நகர மாட்டார். பின்னால் நிற்பவர் நான்கு முழம் தள்ளி நிற்பார். யானைகூட இடித்துக்கொண்டு வராது.

பத்தொன்பது வருடம் அப்படி நின்றாள். வேலையில் நல்ல பெயர்தான். ஆனால் வேலை முடிந்து கிளம்பினாலும் அந்த நான்கு முழம் கூடவே வந்தது. கல்யாணப் பந்தியில் அவளுக்குக் கடைசி இலை, அதற்குப் பக்கத்து இலை காலி. பேருந்தில் மூன்று பேர் சீட்டில் ஒற்றையாகப் போவாள். நின்றுகொண்டு வரும் நரிகள் அதைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்று பெருமூச்சு விடும்.

ஒரு நாள் காடு பார்க்க வந்தவர்கள் முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு விளம்பரத் தாளையும் போட்டுவிட்டுப் போனார்கள். முறுக்கைக் குரங்குகள் எடுத்துக்கொண்டன. தாள் காற்றில் பறந்து கோகிலவாணியின் முதுகில் குத்திக்கொண்டு வீடு வரைக்கும் வந்தது. எடுத்து விரித்தாள். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, தண்ணீருக்கடியில் மீன்களுக்கு நடுவே முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு மிதக்கும் ஆட்கள். தீவில் நான்கு நாள் தங்கி ஸ்கூபா டைவிங் செய்யலாம், நாற்பது அடி ஆழம், நீச்சல் தெரியாதவர்களும் வரலாம் என்று போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. யாரும் தனியாக மூழ்க அனுமதி இல்லை. ஒவ்வொருவரும் ஒரு துணையோடு வர வேண்டும். தண்ணீருக்குள் துணையின் கையை விடக் கூடாது.

மீன்களை ஒரு தடவை பார்த்தாள். அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள்.

மறுநாளே துணை தேட ஆரம்பித்தாள். புள்ளிமானுக்கு வீட்டில் வர்ணம் அடிக்கிற வேலை இருந்தது. மயிலுக்கு உப்புத் தண்ணீர் தோகைக்கு ஆகாதாம். கரடி, அந்தச் சமயத்தில் குளிர்காலத் தூக்கத்தில் இருப்பேன் என்றது. இந்தப் பக்கத்துக் கரடிகள் குளிர்காலத்தில் தூங்குவதில்லை என்று கோகிலவாணிக்குத் தெரியும். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

கடைசியில் தானாக வந்தவர் நாச்சிமுத்து. அவர் ஓர் அழுங்கு, உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில். கறையான் புற்று ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முள்ளெல்லாம் அவர் செதிலை ஒன்றும் செய்யாது. பயம்தான் அவரை எல்லாமும் செய்யும். பக்கத்தில் இலை விழுந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்வார். விழுந்தது இலைதான் என்று நான்கு பேர் வந்து சத்தியம் செய்தால்தான் விரிவார். வேலையில் இருந்த முப்பது வருடத்தில் பாதியை அவர் உருண்டையாகவே கழித்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

நான்கு முழம் தள்ளி நிற்காமல் அவள் எதிரிலேயே வந்து நின்றார்.

"நான் வர்றனுங்க அம்மணி. ஆனா எல்லாத்தையும் முன்கூட்டியே திட்டம் போட்டுக்கோணும்."

போட்டார்கள். தினமும் மாலையில் குட்டை மூடியதும் மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினார்கள். நாச்சிமுத்து ஒரு கோப்பு திறந்தார். சுறா வந்தால் என்ன செய்வது, சொறிமீன் உரசினால் என்ன செய்வது, காது அடைத்தால், காற்று தீர்ந்தால், தீவையே காணாவிட்டால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். சைகைகளைப் பழகினார்கள். கட்டை விரலை உயர்த்தினால் நன்றாக இருக்கிறது என்று பொருள் அல்ல, மேலே போகலாம் என்று பொருள். அவள் பழக்க தோஷத்தில் வேலை நேரத்திலும் அதைக் காட்ட, வரிசையில் நின்ற காட்டெருமைகளெல்லாம் மேட்டில் ஏறி நின்றுகொண்டன.

காட்டை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும். அனுமதி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தது ஓர் ஆந்தை. அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. அந்த நேரம் முழுக்க ஆந்தை தூங்கும். எழுப்பினால் கோபத்தில் நிராகரித்துவிடும், எழுப்பாவிட்டால் மனு அப்படியே கிடக்கும். பதினாலு தடவை போய்ப் பார்த்துத் திரும்பிய பிறகு, ஆந்தை தானாகக் கண் விழித்த ஒரு கொட்டாவி நேரத்தில் படிவத்தை நீட்டினார்கள். ஒன்பதாவது கேள்வி, உடலில் கூர்மையான பொருட்கள் ஏதும் உண்டா என்பது. கோகிலவாணி, உண்டு என்று உண்மையைத்தான் எழுதியிருந்தாள். எத்தனை என்று எண்ணி இணைப்பாகத் தரச் சொல்லிவிட்டு ஆந்தை மறுபடி தூங்கிப்போனது.

எண்ண உட்கார்ந்தார் நாச்சிமுத்து. கோகிலவாணியின் முதுகுக்குப் பின்னால், மூச்சு படுகிற தூரத்தில். ஒவ்வொரு முள்ளாகத் தொட்டு, முணுமுணுத்து, நூற்றுக்கு ஒரு தடவை தரையில் கோடு போட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து யாரும் அவள் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. முதல் நாள் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டாம் நாள் வேலையிலிருந்து அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள்.

எட்டாம் நாள் எண்ணி முடிக்கப் போகும்போது ஒரு முள் தானாக விழுந்தது. கணக்குத் தப்பிவிட்டது என்று நாச்சிமுத்து முதலிலிருந்து தொடங்கினார். பதினைந்தாம் நாள் இன்னொரு முள் விழுந்தது. அது தானாக விழவில்லை.

அனுமதி வந்தபோது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோப்பு நாற்பத்திரண்டு பக்கம். பேருந்து, ரயில், படகு என்று மாறி மாறி மூன்று நாள் பயணம். நாச்சிமுத்து வழியில் ஆறு தடவை சுருண்டார். படகில் ஏறியதும் கோப்பு அவர் கையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது. பக்கம் பக்கமாகப் பிரிந்து அலையில் போனது. அன்று அவர் சுருளவில்லை. சுருளக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

தீவில் முங்கக் கற்றுக்கொடுப்பவள் ஒரு கடலாமை. பெயர் சூசையம்மாள், அகலமான முதுகு, அவசரமே தெரியாத பேச்சு. காட்டிலிருந்து வந்த இருவரையும் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிச் சோதித்தாள். கோகிலவாணிக்குக் காற்று உருளையைக் கட்ட வாரே தேவைப்படவில்லை. முட்களுக்கு நடுவில் செருகியதும் நின்றுகொண்டது. எல்லாம் சரியாக இருந்தது, அவள் முங்கவில்லை, அவ்வளவுதான். தலையை அழுத்தினாலும் உள்ளே போகவில்லை. இடுப்பில் நான்கு ஈயக் கட்டி கட்டினார்கள், பிறகு எட்டு. அப்போதும் அவள் நெற்றுத் தேங்காய் மாதிரி மேலேயே ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஒன் முள்ளு பூராவும் உள்ள காத்துல்லா இருக்கு மக்கா," என்றாள் சூசையம்மாள். "நீ தெப்பம். தெப்பத்த முங்க வைக்க எனக்குத் தெரியாது."

நாற்பத்திரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. சுறா இருந்தது, சூறாவளி இருந்தது, முங்கவே முடியாமல் போகும் என்பது இல்லை. கோகிலவாணி திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

அவள் மெதுவாக ஈயக் கட்டிகளை அவிழ்க்கத் தொடங்கினாள். பரவாயில்லை, கடலைக் கண்ணால் பார்த்ததே போதும், ஊருக்குப் போய்விடலாம் என்றாள். பேருந்தில் யாருக்காவது இடம் விட்டு எழுந்திருக்கிற குரலில் சொன்னாள்.

 நாச்சிமுத்து காற்றுக் குழாயை வாயில் வைத்துப் பார்த்தார், எடுத்தார்.

"கைய விடக் கூடாதுன்னுதானுங்க அதுல போட்டிருக்குது," என்றார். "முங்கோணும்னு போடலைங்களே. வாங்க அம்மணி."

சூசையம்மாள் படகில் இருவரையும் பவளத் திட்டுக்கு மேலே கூட்டிப் போனாள். நாச்சிமுத்து கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டார், கண்ணை மூடினார், அவளோடு சேர்ந்து குதித்தார். குதித்த வேகத்தில் பாதத்துக்குக் கீழே தரை இல்லை என்பது அவருக்கு உறைத்தது. மறு நொடி சுருண்டுவிட்டார். வாயில் குழாய் இருந்தபடி, அவள் கை அவர் நடுவில் சிக்கியிருந்தபடி, இறுக்கமாக, முழு உருண்டையாக.

சுருண்ட அழுங்கு கடலில் கருங்கல்தான். நேராகக் கீழே போனார். கோகிலவாணி நேராக மேலே வரப் பார்த்தாள். கை விடுபடவில்லை. கல் தெப்பத்தை இழுத்தது, தெப்பம் கல்லைத் தூக்கியது. கொஞ்ச தூரம் கீழே போனார்கள், கொஞ்சம் மேலே வந்தார்கள், ஆடினார்கள், பிறகு இருபத்திரண்டு அடி ஆழத்தில் அசையாமல் அந்தரத்தில் நின்றார்கள்.

காப்பாற்றப் பாய்ந்து வந்த சூசையம்மாள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். ஆறு மாதம் பழகியவர்களுக்கே அப்படி ஏறாமல் இறங்காமல் நிற்க வராது. இவர்கள் சும்மா நின்றார்கள். செதில்களுக்கு இடையிலிருந்து நீர்க்குமிழிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. உருண்டைக்குள் ஆள் நலம் என்று தெரிந்தது. அவள் இருவரையும் மெதுவாகத் தள்ளிக்கொண்டு பவளத் திட்டைச் சுற்றிக் காட்டினாள்.

முப்பத்தைந்து நிமிடம். மஞ்சள் வரிகளோடு ஒரு மீன் கூட்டம் வந்தது. விலகிப் போகவில்லை, கோகிலவாணியின் முட்களுக்கு நடுவில் புகுந்து விளையாடியது. ஒரு குட்டி மீன் அவள் காதோரம் தங்கிவிட்டது. வெளிச்சம் மேலேயிருந்து கம்பி கம்பியாக இறங்கியது. அவள் ஒரு தடவைகூடக் கட்டை விரலை உயர்த்தவில்லை.

கரையில் தூக்கிப் போட்ட பிறகும் நாச்சிமுத்து விரியவில்லை. கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை இன்னும் உள்ளேதான் இருந்தது, அதனால் வேறு எங்கும் போகவும் முடியாது. சூசையம்மாள் அவள் மடியில் ஓர் இளநீரை வைத்துவிட்டுப் போனாள். மதியம் வெயில் ஏறியதும் செதில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றாள். என்னவெல்லாம் இருந்தது என்று கேட்டார். அவள் மீனிலிருந்து தொடங்கிச் சொன்னாள், வெளிச்சத்தைச் சொன்னாள், நடுவில் சொன்னதையே திரும்பச் சொன்னாள். அவர் தானே பார்த்தது போல் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அவருடைய இரண்டு செதில்களுக்கு இடையில், மெத்தென்ற இடத்தில், அவள் முள் ஒன்று ஆழமாகக் குத்தி நின்றது. பதறிப்போய் வலிக்கிறதா என்று கேட்டாள்.

"வலிக்குமுங்க," என்றார். "அது பக்கம் முப்பத்தொன்னுல இருந்துச்சு. அம்மணியோட முள்ளு குத்தலாம். நடவடிக்கை, பொறுத்துக்கோணும்."

 அவள் முள்ளை மெல்ல உருவி எடுத்தாள். நாளைக்கு எத்தனை மணிக்குப் படகு என்று கேட்டு வரச் சூசையம்மாளைத் தேடிக்கொண்டு போனாள். மீதி மூன்று நாளில் ஐந்து தடவை குதித்தார்கள். ஐந்து தடவையும் அவர் சுருண்டார், ஐந்து தடவையும் அவள் பார்த்து வந்து சொன்னாள்.

நீதி: மிதப்பவர் மூழ்குபவரையே துணையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவரும் சீக்கிரம் கரை சேர மாட்டார்கள். ஆனால் நடுக்கடலில் நல்ல காட்சி கிடைக்கும், அதுவும் ஒருவருக்கு மட்டும்.