பூத வால் உப்புக்கண்டம்

ஒரு காட்டில் ஏழு தளம் கொண்ட விளையாட்டுக் குகை ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பூதம். அதைக் கொன்றால் தங்க வாள் பரிசு. விடிந்ததும் செத்த உடல் மறைந்துவிடும். பூதம் புதிதாய்ப் பிறந்து வேலைக்கு வந்துவிடும். ஆகவே யாருக்கும் வருத்தமில்லை.

அதே காட்டில், இடி இடித்தாலே நடுங்கும் கீரி ஒன்று மூன்று குட்டிகளோடு இருந்தது. மழைக்காலம் நெருங்கியது, வீட்டில் ஒரு வாய்க்கு இரை இல்லை. ஒரு புலி பூதத்தைக் கொல்லப் போன அன்று, கீரி ஒரு ஜாடியும் உப்புமாக வரிசையில் நின்றது.

வாயிற்காவல் ஆமை படிவத்தை நீட்டியது. “வீரரா, மந்திரவாதியா?”

“மூணு பிள்ளைக்கு அம்மாங்க.”

“அப்படி ஒரு கட்டமே இதில் இல்லையே!”

“‘இதர’ன்னு ஒண்ணு இருக்குமே, அதில போடுங்க.”

புலி பூதத்தைக் கொன்று, பரிசு வாளோடு போனது. கீரி பூதத்தின் வாலோடு வந்தது. உப்புப் பட்டது விடிந்தாலும் மறையாது. விடிவதற்குள் துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் பிசறி ஜாடியில் அடைத்தது. கான்வென்ட்டில் படித்த கீரி அல்லவா? முத்துமுத்தாக எழுதிச் சீட்டும் ஒட்டியது: ‘பூத வால்.’

மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. வாலில்லாத பூதம்!

“அக்கா, மறுபடி பிறந்தேன், வாலைக் காணோம். பார்த்தீங்களா?”

பொய் சொன்னால் பாவம். உண்மையைச் சொன்னால் குட்டிகள் மிஞ்சாது. கீரி பலகையை எடுத்துப் போட்டது.

“மொதல்ல சாப்பிடுங்க தம்பி” என்றது.

வீட்டில் இருந்ததோ அந்த ஒரே கறி. வறுத்து வைத்தது. எழுத்துக்கூட்டப் பழகியிருந்த மூத்த குட்டி ஜாடியைப் பார்த்து, “பூ… த… வா…” என்று தொடங்கியது. கீரி அதன் வாயில் ஒரு துண்டைத் திணித்தது.

“வாயில சாப்பாட்டை வச்சுக்கிட்டுப் பேசக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

குட்டி வாயை மூடியது. பூதமும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு மென்றது. விழுங்கிவிட்டு, “அக்கா, என் வா…” என்றது.

“இன்னும் ரெண்டு துண்டு வச்சுக்குங்க!”

ஜாடி பாதியானபோது பூதம் ஏப்பம் விட்டது.

“பிறந்தப்பல்லாம் வாளோடதான் வர்றாங்க. சாப்பிட்டியான்னு ஒருத்தர் கேட்டதில்ல. வால் கிடக்கட்டும் அக்கா, முளைச்சுக்கும். இந்தக் கறி தீர்ந்தா சொல்லுங்க, நானே கொண்டாந்து தர்றேன்.”

“நீங்கதான் தம்பி கொண்டாரணும்” என்றது கீரி.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

நீதி: எப்போதும் உண்மையே பேசு, ஆனால் வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசாதே. ஆகவே, வீட்டில் எப்போதும் சாப்பாடு இருக்கும்படி பார்த்துக்கொள்.