ரகுநந்தனின் முதுகு

அபிராமபுரத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்த வெங்கடரமணன் ஒரு தொலைக்காட்சி நடிகர். பதினோரு ஆண்டுகளில் பத்தொன்பது தொடர்களில் நடித்திருந்தார். ஒன்றில்கூட அவர் கண் இமைத்ததில்லை. ஏனென்றால் பத்தொன்பதிலும் அவர் சுவரில் மாட்டிய படமாகவே நடித்தார். சந்தனப் பொட்டு, ரோஜா மாலை, கீழே ஒரு சின்ன விளக்கு. கதாநாயகியின் காலஞ்சென்ற அப்பா, வில்லியின் காலஞ்சென்ற கணவர், சொத்தை யாருக்கு எழுதினேன் என்று சொல்லாமல் போய்ச் சேர்ந்த பெரியப்பா, எல்லாரும் அவர்தான்.

"இறந்துபோனவர் என்று சொன்னால் யாரும் சந்தேகப்படாத முகம்" என்று ஒரு தயாரிப்பாளர் மனமாரப் பாராட்டியிருந்தார்.

வெங்கடரமணனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். இந்த முகம் ஒரு தடவையாவது உயிரோடு டிவியில் வர வேண்டும். பேசினால் நல்லது. பேசாவிட்டாலும் ஒரு தடவை இமைத்துவிட வேண்டும்.

அப்போதுதான் 'கோமளாவின் கார்காலம்' தொடராகப் போகிறது என்ற செய்தி வந்தது.

அந்த நாவல் ஒரு வார இதழில் அறுபத்திரண்டு வாரம் வந்த காதல் கதை. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, படங்களோடு பைண்டு செய்து, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துக்கொள்வது மயிலாப்பூர் வழக்கம். கோமளா எப்படி இருப்பாள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஓவியர் அறுபத்திரண்டு தடவை அவள் முகத்தை வரைந்திருந்தார். கதாநாயகன் ரகுநந்தன் எப்படி இருப்பான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவனையும் ஓவியர் அறுபத்திரண்டு தடவை வரைந்திருந்தார், முதுகுப்பக்கமாக.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ரகுநந்தனுக்கு மீசை உண்டா இல்லையா என்று ஆசிரியர் முதல் வாரத்தில் முடிவு செய்யவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். அறுபத்திரண்டு வாரமும் அப்படியே சொன்னார். இதழ் வியாழக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ஓவியர் முதுகை வரைந்து கொடுத்துவிட்டார்.

நாவலின் உரிமையைக் கொடுத்த, காலஞ்சென்ற ஆசிரியரின் குடும்பத்தார் ஒரு நிபந்தனை போட்டார்கள். நடிகர் தேர்வு மூலநூலின்படி நடக்க வேண்டும், அதை மூத்த வாசகர்கள் அடங்கிய குழு ஒன்று மேற்பார்க்க வேண்டும். இவ்வாறாக 'மூலப் படைப்பு மாண்புக் காப்புக் குழு' உதயமாயிற்று. தலைவர் ராமானுஜம், பதிவுத்துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பத்திரம் பதிந்து ஓய்வு பெற்றவர்.

கோமளாவை நாற்பது நிமிடத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆதம்பாக்கத்துப் பெண் அஸ்வினி படத்தில் இருப்பது போலவே இருந்தாள். கதாநாயகன் விஷயத்தில்தான் தொலைக்காட்சி நிறுவனத்தின் நடிகர் தேர்வு மேலாளர் அஸ்மத்துன்னிசா ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"முகத்துக்கு எதை வச்சு செலக்ட் பண்றது சார்?"

ராமானுஜம் பைண்டு புத்தகத்தை மெல்லத் திறந்தார். "மூலத்தில் முகம் இல்லையே அம்மா. இல்லாததை வச்சுப் பதிவு பண்ண முடியாது. இருக்கறது முதுகு. முதுகைத்தான் சரிபார்க்கணும்."

குழு கைதட்டியது. மறுநாளே விண்ணப்பப் படிவம் வந்தது. விண்ணப்பதாரர் தமது முதுகின் பாஸ்போர்ட் அளவு வண்ணப்படம் மூன்று ஒட்ட வேண்டும். மேற்படி படத்தில் காண்பது மேற்படி விண்ணப்பதாரரின் முதுகே என்று தகுதியுள்ள அரசு அதிகாரி ஒருவர் சான்றளிக்க வேண்டும்.

வெங்கடரமணன் படத்தை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். முற்பகல் முழுவதும் வரிசையில் நின்றார். அதிகாரி படத்தைப் பார்த்தார், பிறகு வெங்கடரமணனின் முகத்தைப் பார்த்தார்.

"ஒத்துப்போகலையே."

"திரும்பி நின்னா ஒத்துப்போகும் சார்."

"ஆபீஸ்ல அதிகாரிக்கு முதுகு காட்டப்படாது. அது வேற ரூல்."

"ஆதார் கார்டு இருக்கு சார்."

"அதுல முகம்தானே இருக்கு. அந்த முகம் உங்களோடதுன்னு நான் ஒத்துக்கறேன். அந்த முகத்துக்குப் பின்னாடி இருக்கறது இந்த முதுகுதான்னு எந்த டாக்குமெண்ட் சொல்லுது?"

வெங்கடரமணன் யோசித்துப் பார்த்தார். எந்த டாக்குமெண்டும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வயது வரைக்கும் ஆதாரமே இல்லாத ஒரு முதுகோடு இந்த ஊரில் நடமாடிவிட்டோமே என்று அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"அஞ்சு வருஷத்துக்குக் குறையாம உங்க முதுகைப் பார்த்தவங்க யாராவது எழுதிக் குடுக்கட்டும். கையெழுத்துப் போடறேன்" என்றார் அதிகாரி, அடுத்தவரைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்து மனைவி ஹம்சாவிடம் சொன்னார். ஹம்சா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"இதுக்கு என்னை விட்டா வேற யார் சாட்சி? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் எதைப் பாத்துண்டிருக்கேன்? கேஸ் புக் பண்ணுங்கோன்னு சொன்னா ஃபோனை எடுத்துண்டு அந்தப் பக்கம் திரும்பிப்பேள். எங்கம்மா வந்தாலும் அந்தப் பக்கம். பேப்பரைக் கொண்டாங்கோ."

'மேற்படி முதுகை நான் ஒன்பது ஆண்டுகளாக இடைவிடாது பார்த்து வருகிறேன் என்றும், இரவல் அல்ல என்றும் உறுதி கூறுகிறேன்' என்று எழுதி, முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டாள். சான்று கிடைத்தது.

தேர்வு தியாகராய நகரில், தொலைக்காட்சி நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. இருநூற்றுப் பதினான்கு பேர் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். திரும்பினால் தகுதி நீக்கம். சாய்சரண் என்ற பிரபல நடிகர் அருமையான முதுகோடு வந்திருந்தார். ஆனால் பின்னால் யாரோ செல்ஃபோனைத் தூக்கிய சத்தம் கேட்டதும் பழக்க தோஷத்தில் திரும்பிச் சிரித்துவிட்டார். வெளியே அனுப்பினார்கள்.

ராமானுஜம் தம் துறை வழக்கப்படி ஒவ்வொரு முதுகுக்கும் நான்கெல்லை குறித்தார். வடக்கே கழுத்துப் பட்டை, தெற்கே வேட்டி மடிப்பு, கிழக்கிலும் மேற்கிலும் தோள்கள். இதற்குட்பட்ட பரப்பை ஓவியத்தோடு ஒப்பிட்டார். எதுவும் சரிவரவில்லை.

அந்த நேரத்தில் கேண்டீனுக்கு வஞ்சிரம் கொண்டுவந்த செபஸ்தியான் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். சாந்தோம் குப்பத்துக்காரர், இருபது வருடம் கடலில் துடுப்புப் போட்டவர். அவர் முதுகைக் கண்டதும் குழு எழுந்து நின்றுவிட்டது.

"அப்படியே நில்லுங்கோ. திரும்பாதீங்கோ" என்றார் ராமானுஜம்.

"இன்னா சார், மீனு கெட்டுப் போய்க்கினு கீது. நீ முதுகைப் பாத்துக்கினு கீற."

"உங்களைக் கதாநாயகனாப் போடலாம்னு பார்க்கறோம்."

"மூஞ்சி?"

"முகம் தேவையில்லை."

செபஸ்தியான் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். "நைனா, மீனு வாங்கறவன்கூடச் செவுளைத் தூக்கி, கண்ணப் பாத்துத்தான் வாங்குறான். நீங்க இன்னா ஆளுங்க." படியிறங்கிப் போய்விட்டார். அந்தக் கட்டடத்தில் அன்று பேசப்பட்டவற்றில் அறிவுள்ள பேச்சு அது ஒன்றுதான். ஆகவே அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகவில்லை.

கடைசியாக வெங்கடரமணனின் முறை வந்தது. ராமானுஜம் அளந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். ஓவியத்தில் ரகுநந்தனின் இடது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருக்கும். வெங்கடரமணனுக்கும் மிகச் சரியாக அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. பதினோரு ஆண்டுகள் ஆல்பத்தைப் பையில் போட்டு, அந்தத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்ப்புத் தேடியதில் வந்த தாழ்வு.

"ரகுநந்தனே வந்து நிக்கறான்" என்றார் ராமானுஜம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் வெங்கடரமணன் அஸ்மத்துன்னிசாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், முகம் வரவே வராதா?"

"கவலைப்படாதீங்க வெங்கட் சார். நாவலோட கடைசி வரி என்ன? 'ரகுநந்தன் திரும்பினான்.' கடைசி எபிசோட்ல திரும்பித்தான் ஆகணும். மூலத்துலயே இருக்கு."

போதும் என்று கையெழுத்துப் போட்டார்.

தொடர் மாலை ஏழரைக்கு வந்தது. சென்னை அதைக் கொண்டாடிய விதம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். ரகுநந்தன் கோபத்தில் நிற்கும்போது முதுகு விறைக்கும், காதலில் கொஞ்சம் தளரும். விமர்சகர்கள் 'பின்புற நடிப்பு' என்று ஒரு புதிய சொல்லைக் கண்டுபிடித்தார்கள். தியாகராய நகரில் முன்பக்கம் வெறுமையாகவும் பின்பக்கம் சரிகையாகவும் ரகுநந்தன் சட்டை வந்தது. அடையாறு உடற்பயிற்சிக் கூடங்களில் முதுகுக்கு மட்டும் தனிச் சந்தா போட்டார்கள். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் மேடையில் கேமராவுக்கு முதுகு காட்டி நின்றார்கள். மொய்க் கவர் கொடுக்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அரசு அலுவலகங்களில் மட்டும் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. அங்கே பொதுமக்கள் ஏற்கெனவே முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெங்கடரமணனை யாருக்கும் தெரியவில்லை. காய்கறிக் கடையில் எதிரே நின்றால் "தள்ளிக்கோங்க" என்றார்கள். புறப்பட்டுப் போகத் திரும்பினால், "ஐயோ, ரகுநந்தன் சார்" என்று ஓடிவந்தார்கள். ஆட்டோகிராஃபை முதுகோடு பேசி வாங்கிக்கொண்டார்கள்.

அவர் பொறுத்துக்கொண்டார். கடைசி எபிசோட் இருந்தது. தினம் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் திரும்பிப் பழகினார். திரும்பி, நிமிர்ந்து, ஒரே ஒரு தடவை இமைப்பார். ஆறு மாதம் பழகிய இமைப்பு அது.

கடைசி எபிசோடுக்கு முன்னால் குழு அவசரமாகக் கூடியது.

"மீசை வைக்கறதா எடுக்கறதா?" என்று கேட்டார் ஓர் உறுப்பினர்.

"ஆசிரியரே எடுக்காத முடிவை நாம எடுக்கப்படாது" என்றார் ராமானுஜம். நான்கு மணி நேரம் விவாதித்து, ஒட்டு மீசையை ஒரு பக்கம் மட்டும் வைக்கலாம் என்ற யோசனை ஒரே ஓட்டில் தோற்றது. இறுதியாக, 'திரும்பலாம், ஆனால் முகம் கதாபாத்திரத்துக்கு ஊறு விளைவிக்காத வகையில் இருத்தல் வேண்டும்' என்று தீர்மானம் நிறைவேறியது.

கடைசி எபிசோட் வந்த வெள்ளிக்கிழமை மழை பெய்தது. கார்காலம் அல்லவா, குழுவுக்குப் பரம திருப்தி. கோமளா கூப்பிட்டாள். ரகுநந்தன் திரும்பினான். நிமிர்ந்தான். இமைத்தான்.

அபிராமபுரத்தில் வெங்கடரமணன் டிவியில் தம் முகத்தைத் தாமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் திரண்டது. எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமி அவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஹம்சாவின் பக்கம் குனிந்து கேட்டார்.

"யாருடீ இவன்?"

இதே கேள்வியைத்தான் ஊரே கேட்டது. அறுநூறு தொலைபேசி அழைப்புகள் வந்தன. இது எங்கள் ரகுநந்தன் இல்லை, எவனையோ கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள், இந்த முகத்தை எங்கோ சாவு வீட்டில் பார்த்திருக்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு பீரோவிலும் ஒரு ரகுநந்தன் இருந்தான். ஒவ்வொருவனுக்கும் ஒரு முகம் இருந்தது. அதில் ஒன்றுகூட வெங்கடரமணனுடையது இல்லை. மறுநாள் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் கதாநாயகனுக்குத் தொடர்பில்லாத முகம் ஒன்று ஒளிபரப்பாகிவிட்டது.'

"உனக்காவது பிடிச்சுதா?" என்று கேட்டார் வெங்கடரமணன்.

ஹம்சா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "நன்னாத்தான் இருந்தது. எனக்கே இன்னும் பழகலை. அவ்வளவுதான்."

மக்கள் விருப்பத்தை முன்னிட்டு இரண்டாம் பாகம் அறிவித்தார்கள். அதில் முகத் தகராறே எழாதபடி, முதல் காட்சிக்கு முன்பே ரகுநந்தன் விபத்தில் காலமாகிவிடுவான் என்று குழு முடிவு செய்தது. அஸ்மத்துன்னிசா போன் செய்தார்.

"வெங்கட் சார், சுவர்ல மாட்ட ஒரு படம் வேணும். உங்களுக்குத்தான் நல்ல அனுபவம் இருக்கே."

இமைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முகம் வருமே. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் இட்டுக்கொண்டு, சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, பதினோரு வருடப் பழக்கத்தில் முகத்தில் சாந்தத்தை வரவழைத்துக்கொண்டார்.

புகைப்படக்காரர் விளக்கைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார். "ரெடி சார். அந்தப் பக்கம் திரும்புங்க."

திங்கட்கிழமை மாலை ஏழரைக்கு, கோமளாவின் கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட ஒரு முதுகு தொங்கியது. ரோஜா மாலை போட்டிருந்தார்கள். சந்தனப் பொட்டை எங்கே வைப்பது என்று குழு கூடி ஆராய்ந்து, நான்கெல்லைக்கும் நட்டநடுவில் வைத்திருந்தது.

விசாலாக்ஷி மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம்" என்றார். "எப்பேர்ப்பட்ட களையான முகம்."