பன்னிரண்டு தகரக் குடில்

உலகில் கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் கட்டியவர்கள் கோடிப் பேர். தீர்மானம் நிறைவேற்றிக் கட்டியவர்கள், றக்வானைக்கு மேலேயிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தார் மட்டுமே. குடில் அமைப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நான்கு. குழுவில் பதினேழு பேர். தலைவரான பெரிய கிளாக்கர் இரத்தினசபாபதி ஐயா, யாழ்ப்பாணத்தில் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா குடும்பம். நானும் திருநீறு பூசுகிறவன்தான். மத நல்லிணக்கம் என்று வந்துவிட்டால் எங்களைப் பிடிக்க முடியாது.

முதல் மூன்று கூட்டங்களும் ஒட்டகத்துக்கே போயின. யாரும் ஒட்டகத்தைக் கண்டதில்லை. பஜார் கடை அஸீஸ் நானாவின் மச்சான் சவூதியில் இருப்பதால், நானாவை ‘ஒட்டக ஆலோசகர்’ ஆக்கினோம்.

"மச்சான் அங்க லொறிதானே ஓட்டுற," என்றார் நானா.

அதையும் குறித்துக்கொண்டோம். செய்து முடித்த ஒட்டகத்துக்குத் திமில் விழுந்துவிட்டது. உடனே அதைக் கழுதைப் பதவிக்கு இடமாற்றம் செய்தோம்.

‘தேவபாலன் நனையக் கூடாது’ என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஸ்டோரிலிருந்து பன்னிரண்டு புதுத் தகரம் தந்தார். அடுத்த கூட்டத்துக்கு தொழிலாளர் குடியிருப்பான ஐந்தாம் லயத்து ஜெயம்மா வந்து நின்றாள். அவள் மகள் தர்மிளாவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள்.

"ஐயா, எங்க காம்பராக் கூரை மூனு வருஷமா ஒழுகுதுங்க. ரெண்டே ரெண்டு தகரம் குடுங்க. குடில்ல இருக்கிறது களிமண் புள்ள. எங்க வீட்ல இருக்கிறது அழுவுற புள்ளங்க."

"விளங்குது அம்மா. ஆனா தகரம் குடிலுக்கெண்டுதான் பாஸாகியிருக்கு. நீங்கள் ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்கோ," என்றார் தலைவர்.

"எழுதிக் குடுத்தது மூனு வருஷமா உங்க மேசையிலதாங்க கெடக்குது."

"அப்ப நல்லதாப் போச்சு. திரும்ப எழுதத் தேவையில்லை."

இருபத்துநாலாம் திகதி மத்தியானம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. தர்மிளா குடிலுக்குள் போய், களிமண் பாலனை ஓரமாக நகர்த்திவிட்டு, வைக்கோல்மேல் தன் பிள்ளையைக் கிடத்தினாள். மாலையில் துரை பார்வையிட வந்தார்.

"ஷோக்! உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு!"

பிள்ளை தும்மியது.

"பெட்டரி போட்டதா?"

"ஓம் சேர்," என்றார் தலைவர்.

தோட்டங்களுக்கிடையிலான போட்டியில் எங்கள் குடிலுக்கே முதற்பரிசு. தர்மிளாவும் பிள்ளையும் அதற்குள் இரண்டு வாரம் நனையாமல் தூங்கினார்கள்.

மூவிராசாக்கள் திருநாளுக்கு மறுநாள் கடைசிக் கூட்டம். குடிலைப் பிரித்துத் தகரங்களை அடுத்த டிசம்பர் வரை ஸ்டோரில் பூட்டுவது என்று தீர்மானம். பிரேரித்தவன் நான். களிமண் பாலனைப் பொலித்தீனில் சுற்றி, கந்தோரில் தலைவரின் மேசைக்குப் பக்கத்து அலுமாரியில் பத்திரமாக வைத்தோம்.

"எங்க புள்ளய எங்கங்க கொண்டு போறது?" என்றாள் ஜெயம்மா.

அது நிகழ்ச்சி நிரலில் இல்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

தேவபாலன் பிறந்த அன்று சத்திரத்தில் இடமில்லை என்று கைவிரித்த பெத்லகேம்காரனை இரண்டாயிரம் வருஷமாகக் குறை சொல்கிறார்கள். பாவம், அவன் தனியாள். நாங்கள் பதினேழு பேர், ஒருமனதாகச் செய்தோம்.